அவன் துணிச்சலுக்கு ஒரு வழி விடு

அன்பு மகளுக்கு,

நேற்று போனை வைத்த பிறகும் உன் குரலில் இருந்த பதற்றம் என்னை விடவில்லை. பேரனுக்கு லைசென்ஸ் எடுக்கும் வயது இல்லை, ஓட்டியது நண்பனின் பைக், பின்னால் இரண்டு பேர். அடிபடாமல் திரும்பியது நம் நல்ல நேரம். பைக் விஷயத்தில் துளியும் இளகாதே. ஆனால் "இனிமேல் ஸ்கூல் விட்டால் வீடு, மலையேற்ற முகாமும் கிடையாது" என்றாயே, அதை மட்டும் கொஞ்சம் யோசி.

"ஆபத்து என்று தெரியாதா அவனுக்கு?" என்று கேட்டாய். தெரியும்மா. தனியாக உட்காரவைத்துக் கேள், உன்னைவிட நன்றாகவே சொல்வான். பதினைந்து பதினாறு வயதில் யோசிக்கும் திறன் கிட்டத்தட்ட பெரியவர்கள் அளவுக்கு வந்துவிடுகிறது. ஆனால் கிளர்ச்சியைத் தேடும் மூளைப் பகுதி பருவ வயதிலேயே வேகமெடுத்துவிடுகிறது. பொறு, நில் என்று சொல்லும் முன்பகுதி முதிர இருபதுகளின் நடுப்பகுதி வரை ஆகிறது. இடைப்பட்ட வருடங்கள்தான் நமக்குச் சோதனை.

பக்கத்தில் நண்பர்கள் இருந்தால் சோதனை இன்னும் கூடுகிறது. லாரன்ஸ் ஸ்டைன்பெர்க் என்ற உளவியல் அறிஞரும் மார்கோ கார்ட்னரும் 2005-ல் வெளியிட்ட ஆய்வில் ஒரு கார் ஓட்டும் கணினி விளையாட்டைக் கொடுத்தார்கள். மஞ்சள் விளக்கு விழுந்த பிறகும் நிறுத்தாமல் எவ்வளவு தூரம் போகிறோமோ அவ்வளவு புள்ளி. மோதினால் எல்லாம் போச்சு. நண்பர்கள் கூட இருந்தபோது 13 முதல் 16 வயதுப் பிள்ளைகள் தனியாக ஆடியதைவிட மிக அதிகமாகத் துணிந்தார்கள். 24 வயதைத் தாண்டியவர்களிடம் அந்த மாற்றம் இல்லை. அதனால் பைக்கைவிடப் பின்னால் உட்கார்ந்திருந்த அந்த இரண்டு பேரைத்தான் நான் அதிகம் யோசிக்கிறேன். அவர்கள் கெட்ட பிள்ளைகள் என்று சொல்லவில்லை. அவர்கள் பார்க்கிறார்கள் என்பதே அவனுக்குப் போதும்.

ஆனால் இதே வேகம்தான் அவனை மேடையேறிப் பாடவைக்கிறது. விடை சரியா என்று தெரியாமலே வகுப்பில் கை தூக்கவைக்கிறது. புதிதாகச் சேர்ந்த பையனிடம் தானே போய்ப் பேசவைக்கிறது. எல்லோரும் ஒருவனைக் கேலி செய்யும்போது "விடுங்கடா" என்று சொல்ல எவ்வளவு தைரியம் வேண்டும், நினைத்துப் பார். மறுநாளே கூட்டத்திலிருந்து ஒதுக்கிவிடுவார்கள். பதினைந்து வயதில் அதைவிடப் பெரிய ஆபத்து ஏது?

அவன் எதைக் கேட்டாலும், தப்பாகப் போனால் என்ன போகும் என்று மட்டும் பார். அவமானமோ சிராய்ப்போ ஒருநாள் அழுகையோ என்றால் விட்டுவிடு, தோற்றுப் பழகட்டும். உயிர், கைகால், போலீஸ் கேஸ் என்றால் விடவே விடாதே. முகாமில் கயிறும் ஹெல்மெட்டும் உண்டு, சொல்லிக்கொடுக்க ஆளும் உண்டு. பயம் எப்போது வரும், வந்தால் உடம்பு என்ன செய்யும், எந்த இடத்தில் திரும்பி இறங்க வேண்டும் என்பதையெல்லாம் அவன் வேறு எங்கே கற்பான்?

இன்னொன்று. எந்த நேரமானாலும், எங்கே மாட்டிக்கொண்டாலும், போன் பண்ணினால் நீங்கள் வந்து கூட்டிவருவீர்கள், அன்றைக்குத் திட்டு கிடையாது என்று மாப்பிள்ளையும் நீயும் சேர்ந்தே சொல்லுங்கள். கேட்க வேண்டியதை மறுநாள் கேட்டுக்கொள்ளலாம். நண்பர்கள் வற்புறுத்தினால் "எங்கம்மா கொன்னுடுவாங்க" என்று உன் தலையில் பழியைப் போடட்டும். அதில் உனக்கு ஒரு குறைச்சலும் இல்லை.

முகாம் படிவத்துக்குக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை என்றாய். அதற்கு முன்பு ஒருநாள் என்னோடு பேசச் சொல், எந்த மலை, எவ்வளவு உயரம் என்று அவன் வாயாலேயே கேட்க வேண்டும்.

அன்புடன்,
அம்மா