ஐந்து பேர் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அமெரிக்கத் தேர்தல் என்றாலே அதிபர், செனட்டர் என்று பேசி முடித்துவிடுகிறோம். அன்றாட வாழ்வை நேரடியாகத் தொடும் கவுன்டி (மாநிலத்துக்குள் இருக்கும் மாவட்டம் போன்ற பிரிவு) நிர்வாகம் யார் கையில் இருக்கிறது என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் வசிக்கும் லாஸ் ஏஞ்சலஸ் கவுன்டியை நிர்வகிக்கத் தேர்ந்தெடுக்கப்படும் சூப்பர்வைசர்கள் ஐந்தே பேர். ஒருவருக்குச் சுமார் 20 லட்சம் மக்கள். அதே பகுதியிலிருந்து கலிபோர்னியா சட்டமன்றக் கீழவைக்குச் செல்பவர் ஏறக்குறைய 5 லட்சம் பேருக்கும், மாநில செனட்டர் 10 லட்சம் பேருக்கும், வாஷிங்டன் பிரதிநிதிகள் சபைக்குச் செல்பவர் 8 லட்சத்துக்கும் குறைவானவர்களுக்குமே பதில் சொல்கிறார்கள். மக்களுக்கு மிக அருகில் இருக்க வேண்டியவரே எட்டாத தொலைவில் இருப்பது பெருங்கவலை தருகிறது.

கிழக்கு லாஸ் ஏஞ்சலஸ் போன்ற, எந்த நகராட்சியிலும் சேராத பகுதிகளின் நிலை இன்னும் கடினமானது. அங்கே மேயரும் இல்லை, நகர மன்றமும் இல்லை. சாலை பழுதானாலும் தெருவிளக்கு எரியாவிட்டாலும், மக்கள் முறையிடக்கூடிய உள்ளூர்ப் பிரதிநிதி அந்த ஒரு சூப்பர்வைசர்தான். (ஷெரிப் எனப்படும் கவுன்டி காவல் தலைவர், மாவட்ட அரசு வழக்கறிஞர், சொத்து மதிப்பீட்டாளர் ஆகியோரையும் வாக்காளர்களே தேர்ந்தெடுக்கிறார்கள், ஆனால் அவர்களின் பணி வேறு.)

2024 நவம்பரில் வாக்காளர்கள், பொது வாக்கெடுப்புக்கு விடப்பட்ட ‘மெஷர் ஜி’ என்ற முன்மொழிவை ஏற்று, சூப்பர்வைசர்களின் எண்ணிக்கையை ஒன்பதாக உயர்த்தவும், தலைமை நிர்வாகியை நேரடியாகத் தேர்ந்தெடுக்கவும் வழிசெய்தனர். கூடுதல் இடங்கள் 2030 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் பின்னரே வரும். அப்போதும் ஒருவருக்குப் பத்து லட்சத்துக்கு மேற்பட்டோர் இருப்பார்கள். ஆகவே புதிய எல்லைகளை வரையும்போது, மேயரில்லாத இந்த ஊர்களைத் துண்டாடாமல், ஒவ்வோர் ஊரையும் முழுமையாக ஒரே தொகுதிக்குள் வைக்க வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர், லாஸ் ஏஞ்சலஸ்