வீட்டுத் தராசைக் கொண்டுவந்த சிஸ்டருக்கு

நைட் டூட்டி சிஸ்டருக்கு வணக்கம்.

சிறுநீர்ப்பாதையில் அடைப்போடு பிறந்த எங்கள் பிள்ளை வீட்டுக்கு வந்து மூன்று நாள் ஆகிறது. ஸ்கேனில் தொடங்கி டிஸ்சார்ஜ் வரை நடந்தது இதைப் படிக்கிற எல்லாருக்கும் தெரியும், அதைத் திரும்பச் சொல்லப் போவதில்லை. பெயரைப் போட வேண்டாம் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். பெயர் இல்லாமலே எழுதுகிறோம்.

பிள்ளைக்குச் சிறுநீர்க் குழாய் போட்டிருந்த அந்த இரவு, யூரின் பையில் கொஞ்சம் சிறுநீர் இருந்தது. சுத்தமாக வராமல் நின்றிருந்தால் எல்லாரும் ஓடி வந்திருப்பார்கள். சொட்டுச் சொட்டாக வந்ததால்தான் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. நீங்கள் பையைப் பார்த்ததோடு விடவில்லை, பிள்ளையின் அடித்துணியைத் தொட்டுப் பார்த்தீர்கள். குழாயைச் சுற்றி ஈரம். பிறகு இரண்டு விரலை அடிவயிற்றில் வைத்து லேசாக அழுத்தினீர்கள். குழாய் ஒழுங்காக வேலை செய்கிற பிள்ளைக்கு அந்த இடம் மெத்தென்று இருக்க வேண்டும். எலுமிச்சம்பழம் மாதிரி ஒன்று விரலுக்கடியில் உருண்டது.

ஆண் குழந்தையின் சிறுநீர்ப்பாதையில் பிறவியிலேயே வால்வு மாதிரி ஒரு சவ்வு இருந்தால், அது வெளியே வரும் சிறுநீரைத்தான் மறிக்கும். கீழிருந்து ஏற்றுகிற குழாயை மறிக்காது. சிக்கல் அதற்கு மேலே. வயிற்றில் இருந்த மாதங்களிலேயே வால்வுக்குப் பின்னால் பாதை பலூன் போல வீங்கியிருக்கும், சிறுநீர்ப்பையின் கழுத்து தடித்து உயர்ந்து நிற்கும். குழாயின் நுனி அந்தக் கழுத்தில் முட்டி, பைக்குள் நுழையாமல் வீங்கிய இடத்திலேயே சுருண்டுகொள்ளும். அங்கே கசிகிற சிறுநீர் குழாய் வழியாகச் சொட்டும், மீதி ஓரமாக ஒழுகும். பார்க்கிறவர்களுக்குக் கணக்கு சரி. உள்ளே சிறுநீர்ப்பை நிரம்பி, ஏற்கெனவே அடிபட்ட சிறுநீரகத்தைத் திரும்ப அழுத்திக்கொண்டிருக்கும்.

நீங்கள் கூப்பிட்டதும் டூட்டி டாக்டர் ஸ்கேன் மெஷினைப் படுக்கைக்கே தள்ளி வந்தார். நுனி கழுத்துக்குக் கீழேதான் கிடந்தது. பழையதை எடுத்துவிட்டு, 6 பிரெஞ்சு (2 மி.மீ. தடிமன்) ஃபீடிங் டியூப், பால் கொடுக்கிற மெல்லிய குழாய், ஒன்றை ஜெல்லி தடவி ஏற்றினார். ஆசனவாயில் சுண்டுவிரலை வைத்து நுனியை உள்ளிருந்தே மேலே தூக்கிக் கொடுத்ததும் வழுக்கிக்கொண்டு போனது. 60 மி.லி. கொட்டியது. ஸ்டோரில் முதலில் கைக்குக் கிடைத்தது பலூன் வைத்த குழாய்தான். ‘அது வேண்டாம் சார், ஃபீடிங் டியூப் எடுத்து வர்றேன்’ என்று பக்கத்து வார்டுக்குப் போனது நீங்கள். தடித்துச் சுருங்கிய பைக்குள் பலூன் ஊதினால் பை அதை இறுக்கிப் பிடிக்கும், சிறுநீரகத்திலிருந்து வரும் குழாய்களின் வாயே அடைபடலாம். கடைசியில் டியூபில் வெளியே தெரியும் இடத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டு, தொடையில் இரண்டு இடத்தில் பிளாஸ்டர் ஒட்டினீர்கள். கோடு நகர்ந்தால் டியூப் நகர்ந்திருக்கிறது. ஷிப்ட் மாறும்போதெல்லாம் எல்லாரும் பார்த்தது அந்தக் கோட்டைத்தான்.

மறுநாள் இரவு துணிப்பையில் தராசோடு வந்தீர்கள்.

அடைப்பு நீங்கினால் சிறுநீர் அருவி மாதிரி வரும். சந்தோஷப்படத் தோன்றும், ஆனால் அது அடுத்த ஆபத்து. பச்சிளங்குழந்தைக்குக் கிலோவுக்கு மணிக்கு 1 முதல் 3 மி.லி. என்பது வழக்கம். 2.6 கிலோ பிள்ளைக்கு 8 மி.லி.யைத் தாண்டக் கூடாது, 15ஐத் தாண்டிப் போனது. நீரைத் தேக்கி வைக்கத் தெரியாத சிறுநீரகம் உப்பையும் சேர்த்துக் கொட்டிவிடும். போவதைக் கணக்குப் பார்த்துத்தான் டிரிப்பைக் கூட்டவோ குறைக்கவோ முடியும். ஓரமாக டயப்பரில் ஒழுகுவது யூரின் பையின் கணக்கில் வராதே! வார்டில் இருந்த தராசு பிள்ளையை நிறுப்பது, 10 கிராமுக்குக் கீழே காட்டாது. உங்கள் சமையலறைத் தராசு 1 கிராம் காட்டும். ஒவ்வொரு டயப்பரின் மேலும் காய்ந்த எடையைப் பேனாவால் எழுதினீர்கள்: 24. நனைந்த எடையில் அதைக் கழித்தால், 1 கிராமுக்கு 1 மி.லி. பிள்ளையைச் சூடாக வைக்கிற வார்மரின் சூட்டில் ஈரம் ஆவியாகிவிடும் என்பதால் கழற்றிய கையோடு நிறுக்க வேண்டும். மலம் கலந்திருந்தால் பக்கத்தில் ‘ம’ என்று குறிக்க வேண்டும். நோட்டில் முதல் மூன்று வரி உங்கள் கையெழுத்து.

32 வாரக் கர்ப்பத்தில் பனிக்குட நீரை அளக்க வயிற்றை நான்காகப் பிரித்து, தொப்புள்கொடி இல்லாத பள்ளங்களாகப் பார்த்து அளந்து, கூட்டினால் 4 செ.மீ.தான், நீர் குறைவு என்று கண்டதோடு அனுப்பிவிடாமல், பிள்ளையின் சிறுநீர்ப்பை காலியாகிறதா என்று அரைமணி நேரம் காத்திருந்து, வீங்கிய பையும் பாதையும் சேர்ந்து சாவித்துவாரம் மாதிரி தெரிந்த அந்தப் படத்தைக் காட்டிய ஸ்கேன் டாக்டரம்மாவுக்கு நன்றி. 16 வாரத்துக்குப் பிறகு பனிக்குட நீரில் பெரும்பங்கு பிள்ளையின் சிறுநீர்தான், வழி அடைபட்டால் தாய் எவ்வளவு குடித்தும் அது நிரம்பாது என்று உடைத்துச் சொன்னதும் அவர்தான். அந்த நீர் முன்பே வற்றியிருந்தால் பிள்ளையின் நுரையீரல் சரியாக வளர்ந்திருக்காது. நீர் ஏறட்டும் என்று இளநீர் சுமந்து வந்த சொந்தங்களுக்கும் கோபமில்லாத நன்றி, இளநீர் நன்றாகத்தான் இருந்தது. சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் முதல் இரண்டு நாள் தாயுடையது, அதைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், நிம்மதியடையவும் வேண்டாம் என்ற லேப் அண்ணனுக்கு, வால்வை எரித்துக் கொடுத்த சர்ஜனுக்கு, ஆயாம்மாவுக்கு, 108 தம்பிகளுக்கு, எல்லாருக்கும்.

இனி தினமும் இரவு ஒரு வேளை ஆன்டிபயாடிக், மூன்று மாதத்தில் எம்.சி.யூ. படம் (சிறுநீர் போகும் பாதையைக் காட்டும் எக்ஸ்ரே). ஒரு வயதுக்குள் கிரியாட்டினின் 0.8க்குக் கீழே இறங்க வேண்டும். இறங்குமா என்று இப்போது யாரும் சொல்ல மாட்டார்கள், கேட்டுத் தொல்லை பண்ணவும் மாட்டோம்.

வார்டுக்கென்று 1 கிராம் காட்டும் தராசு ஒன்றும், மாற்று பேட்டரி செல்களும் திங்கட்கிழமை வந்துவிடும். குழாயோடு பிள்ளையை வைத்திருக்கிற தாய் யாரைக் கண்டாலும் பையைப் பார்ப்பதோடு துணியையும் தொட்டுப் பார்க்கச் சொல்வோம்.

உங்கள் தராசைத் துடைத்து அதே துணிப்பையில் வைத்திருக்கிறோம். அடியில் ஒட்டியிருந்த ‘ரவை 250’ சீட்டை எடுக்கவில்லை. எட்டு நாள் உங்கள் வீட்டில் கண்ணளவில்தான் சமையல் நடந்திருக்கும்.