முன்பணம் அனுப்புவதற்கு முன்னால் கணக்குப் போடுங்கள், தம்பிகளே

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சுங்கை சிப்புட்டில் கார் பட்டறை வைத்திருக்கிறேன். அறுபதுகளில் வந்த மஸ்டாங், கமாரோ மாதிரி பெரிய எஞ்சின் வைத்த மசில் கார் ஒன்றை வெளிநாட்டிலிருந்து எடுக்கப் போகிறேன் என்று கைப்பேசியில் படத்தைக் காட்டும் தோட்டப்புறத் தம்பிகள் இப்போது நிறைய வருகிறார்கள். அந்த ஆசையை நான் குறை சொல்லமாட்டேன், ஒரு நல்ல வி8 (எட்டு சிலிண்டர்) எஞ்சின் ஸ்டார்ட் ஆனால் எனக்கும் உடம்பு சிலிர்க்கும். ஆனால் பலர் ஏஜெண்டுக்கு முன்பணம் அனுப்பிய பிறகுதான் என்னிடம் கேட்கவே வருகிறார்கள், அதுவும் சில வீடுகளில் அப்பா அம்மாவின் சேமநிதிப் பணம். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் வரி. கார் விலை, கப்பல் கூலி, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து 1,00,000 வெள்ளி என்று வையுங்கள். இறக்குமதி வரி 30 விழுக்காடு சேர்ந்தால் 1,30,000. பெரிய எஞ்சினுக்குக் கலால் வரி 105 விழுக்காடு, அதுவும் இந்த 1,30,000 மேல்தான், ஆக 2,66,500. அதன்மேல் 10 விழுக்காடு விற்பனை வரி. மொத்தம் 2,93,150 வெள்ளி! ரசீதில் விலையைக் குறைத்துப் போட்டுச் சமாளிக்கலாம் என்று சொல்லும் ஏஜெண்டிடம் பேச்சையே வளர்க்காதீர்கள். அப்புறம் சாலை வரி. 3,000 சிசிக்கு மேல் 2,130 வெள்ளி, கூடுதலாக ஒவ்வொரு சிசிக்கும் 4.50 வெள்ளி. 351 கியூபிக் இன்ச் எஞ்சின் என்றால் ஏறக்குறைய 5,750 சிசி, சாதாரணக் கட்டணப்படி வருடத்துக்கு 14,500 வெள்ளியைத் தொடும்.

ஏபி, அதாவது அரசாங்கம் கொடுக்கும் இறக்குமதி அனுமதி, கையில் இல்லாமல் காரைக் கப்பலேற்றவே கூடாது, கிள்ளான் துறைமுகத்தில் கிடக்கும், கிடங்கு வாடகை ஏறிக்கொண்டே போகும். எங்கள் ஊர்த் தம்பி ஒருவர் லோரி ஓட்டிச் சேர்த்த காசைக் கொடுத்துவிட்டு, ஏபி வரும் வரும் என்ற பதிலையே கேட்டுக்கொண்டிருந்தார், கடைசியில் அந்த ஏஜெண்டின் போன் நம்பரே வேலை செய்யவில்லை. நினைத்தாலே வயிறு எரிகிறது.

இன்னொன்று, அந்தக் காலத்து அமெரிக்கக் கார்களுக்கு ஸ்டியரிங் இடது பக்கம். இங்கே சாதாரணமாக அதைப் பதிவு செய்ய முடியாது. வலது பக்கம் மாற்றுவது என்றால் ஸ்டியரிங் பாக்ஸ், பிரேக் பெடல், டேஷ்போர்டு என்று எல்லாவற்றிலும் கை வைக்கவேண்டும், வெல்டிங் சரியில்லை என்றால் உயிருக்கே ஆபத்து. மாற்றும் வேலையே வேண்டாம் என்றால் ஆஸ்திரேலியக் கார்களைப் பாருங்கள், அங்கே 1967 முதல் ஃபால்கன் ஜிடி, 1968 முதல் ஹோல்டன் மொனாரோ, 1971 முதல் வேலியண்ட் சார்ஜர் என்று தொழிற்சாலையிலேயே வலது ஸ்டியரிங்கோடு செய்தார்கள். ஃபால்கன் ஜிடி விலை நமக்கு எட்டாது, மற்றதைத் தேடலாம்.

காரைப் பார்க்காமல் வாங்குகிறவர்கள் விஐஎன் எண்ணை (கம்பெனி காருக்குப் போடும் அடையாள எண்) படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். 17 எழுத்து எண் 1981 மாடலிலிருந்துதான் வந்தது, அதற்கு முன்னால் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு முறை. 1966 மஸ்டாங்கில் ஐந்தாவது எழுத்துதான் எஞ்சின். அது ‘T’ என்றால் ஆறு சிலிண்டர் கார், இப்போது உள்ளே வி8 உட்கார்ந்திருந்தால் யாரோ பிறகு மாற்றியது, வி8 விலை கொடுக்காதீர்கள். போன்டியாக் ஜிடிஓ என்றால் 1966 முதல் 1971 வரை எண் 242 என்று தொடங்கவேண்டும். 1964, 65 ஜிடிஓவை எண்ணை மட்டும் வைத்து நம்ப முடியாது, ஏனென்றால் அப்போது அது அதே கம்பெனியின் லெமான்ஸ் காரில் சேர்த்துக்கொள்ளும் ஒரு ஆப்ஷன்தான், பழைய கம்பெனிப் பத்திரம் கேளுங்கள்.

அப்புறம் துரு. பழைய மஸ்டாங்கில் முன் கண்ணாடிக்குக் கீழே காற்று போகும் கவுல் பகுதி உள்ளுக்குள் அரித்துப்போகும், வெளியே பெயிண்ட் பளபளவென்று இருக்கும். அதில் தண்ணீர் ஊற்றி, கால் வைக்கும் இடம் நனைகிறதா என்று வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். விற்பவர் மறுத்தால் அந்தக் காரை விட்டுவிடுங்கள்.

ஆசிரியர் ஐயா, ஏபி விண்ணப்பம், சுங்க வரி, ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) பதிவு இந்த மூன்றையும் அதிகாரிகளிடமே கேட்டுத் தமிழில் ஒரு பக்கம் போட்டீர்கள் என்றால், அதை என் பட்டறைச் சுவரில் ஒட்டி வைப்பேன்.

பட்டறைக்காரர்,
சுங்கை சிப்புட், பேராக்