அன்னைக்கு அடுப்படியில நான் ஏன் விழுந்தேன்னா

பாப்பா, போன்ல நீ அழுத அழுகையில எனக்கு ஒண்ணும் சொல்ல வரல, அதான் உக்காந்து டைப் பண்றேன். உங்கப்பா பாதிய தான் சொல்லிருக்காரு, வலி தாங்காம மயங்கிட்டான்னு. அது இல்லடி.

கன்னத்துல கரண்ட் அடிக்கிற வலி உனக்கு தெரியும்ல, பல்லு விளக்கினா, மூஞ்சி கழுவினா, ஃபேன் காத்து பட்டாக்கூட சுரீர்னு இழுக்கும், அத பல்லு வலின்னு நெனச்சு ரெண்டு கடவாப்பல்ல புடுங்குனது தான் மிச்சம். நரம்பு டாக்டர் கார்பமாசெபின்னு நரம்பு வலி மாத்திரை குடுத்தப்புறம் தான் சோத்த மென்னு தின்னேன்.

விழுந்த அன்னிக்கு வலியே இல்ல. ஒரு வாரமா கிறுகிறுப்பு, குமட்டல், நடந்தா தள்ளாட்டம், டோஸ் கூட்டுனதால தான்னு நானே முடிவு பண்ணி விட்டுட்டேன். பால் பொங்குதுன்னு வெடுக்குன்னு எந்திரிச்சேன், கண்ணு இருட்டிருச்சு, முழிச்சா மாடி வீட்டு அக்கா தண்ணி தெளிச்சிட்டு இருக்காங்க.

ஆஸ்பத்திரில டாக்டர் மொதல்ல கேட்டது, முழுங்கும்போது தொண்டையிலயும் காதுக்குள்ளயும் வலிச்சு அதோட மயக்கம் வந்துச்சான்னு. இல்லன்னேன். அப்படி வந்தா அது மூளையில இருந்து வர்ற ஒம்பதாவது நரம்பாம், எனக்கு இருக்குறது மூஞ்சிக்கு வர்ற அஞ்சாவது நரம்பு வலி. அந்த ஒம்பதாவது, இதயத்த மெதுவாக்குற நரம்ப ஒட்டியே போறதால வலி வெட்டும்போது சிலபேருக்கு துடிப்பு கொறஞ்சு, கொஞ்ச நொடி நின்னே போயி ஆளு விழுந்துருவாங்களாம், பேஸ்மேக்கர் வைக்கிற அளவுக்கு கூட போகுமாம். கேட்டதுமே எனக்கு பக்குன்னுச்சு. ஈசிஜி எடுத்தாங்க, 24 மணி நேரம் நெஞ்சுல ஒயர ஒட்டி துடிப்ப பதியுற ஹோல்ட்டர் டெஸ்டும் பாத்தாங்க, ரெண்டும் நார்மல்.

ரத்தத்துல தான் மாட்டுச்சு. சோடியம்னு உப்புச் சத்து 121 தான் இருந்துச்சு, 135க்கு கீழ போகக் கூடாதாம், அந்த கிறுகிறுப்பு, மயக்கம் எல்லாம் அதனால தான். கார்பமாசெபின் உடம்புல தண்ணிய தேக்கி சோடியத்த எறக்கும், என் பிரஷர் மாத்திரையில நீர் பிரியுற மருந்து ஒண்ணு சேந்திருக்கு, அதுவும் எறக்கும். எழுதுனது ரெண்டு டாக்டர், ஒருத்தர் சீட்ட இன்னொருத்தர்கிட்ட நான் காட்டவே இல்ல. பத்தாததுக்கு நீ சொன்னன்னு உப்ப கொறச்சு, பாட்டில் பாட்டிலா தண்ணி வேற குடிச்சேன் (உன்ன குத்தம் சொல்லல, சிரிப்பு தான் வருது).

மூணு நாள் வச்சு சோடியத்த மெல்ல மெல்ல தான் ஏத்துனாங்க, வேகமா ஏத்துனா மூளைக்கு ஆகாதாம். பிரஷர் மாத்திரைய மாத்தியாச்சு, கார்பமாசெபின் கொஞ்சம் கம்மி. அத தூக்கிப் போடுமான்னு நீ கத்துன, பட்டுன்னு நிறுத்தக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு, நிறுத்துனா அந்த வலிய வச்சிட்டு நான் எங்க போவேன் சொல்லு.

லீவு போட்டு ஓடி வராத. திங்கக்கெழம திரும்ப சோடியம் பாக்கணும், ரிப்போர்ட்ட நானே போட்டோ எடுத்து அனுப்புறேன், உங்கப்பாகிட்ட கேக்காத.

அம்மா