பென்சில் கரி எடுத்த ஊர்

கெஸ்விக், இங்கிலாந்து,
ஞாயிறு இரவு

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். அம்மாவுக்கு முட்டிவலி எப்படி இருக்கிறது? இது போனில் அவசரமாகச் சொல்லி முடிக்கிற விஷயமில்லை, அதனால்தான் கடிதம்.

இன்று ஹோட்டலில் எனக்கு லீவு. சீத்வெய்ட் என்ற குக்கிராமத்துக்குப் போய் வந்தேன். பஸ் சீட்டோலர் என்ற ஊரோடு நின்றுவிடும், மீதி 2 கி.மீ. நடை. நாலைந்து வீடு, ஒரு ஆட்டுப் பண்ணை, அவ்வளவுதான் ஊர். ரோடும் அங்கேயே முடிகிறது. அதற்கு மேல் மலைதான். பழங்காலத்தில் ஸ்காண்டிநேவியாவிலிருந்து வந்து குடியேறியவர்களின் மொழியில், கோரைக்கு நடுவே திருத்திய நிலம் என்று பெயருக்குப் பொருளாம். நம் பக்கம் என்றால் கோரைத்திடல் என்றிருப்போம்.

மழை ஆண்டுக்குச் சுமார் 3,500 மி.மீ. இங்கிலாந்தில் ஆள் குடியிருக்கும் இடங்களில் இங்கேதான் அதிகம். மேற்கே கடலிலிருந்து வரும் ஈரக்காற்றை மலை மறிக்கிறது. 2009 நவம்பரில் ஒரே நாளில் 316 மி.மீ. கொட்டியிருக்கிறது.

சரி, நான் சொல்ல வந்தது வேறு. உங்கள் காதில் எப்போதும் ஒரு பென்சில் இருக்குமே, அதன் கதை இந்த ஊரில்தான் தொடங்குகிறது. 16ஆம் நூற்றாண்டில் மலையின் மேற்குச் சரிவில் கெட்டியான, சுத்தமான கிராஃபைட், அதாவது பென்சில் கரி, கிடைத்தது. புயலில் ஒரு மரம் வேரோடு சாய, அதன் அடியில் கறுப்பாக ஏதோ இருந்ததை ஆடு மேய்ப்பவர்கள் பார்த்தார்கள் என்று சொல்கிறார்கள். முதலில் அதை ஆட்டுக்கு அடையாளம் போடத்தான் எடுத்தார்களாம். நீங்கள் பலகையில் கோடு போடுகிற மாதிரிதான், அப்பா!

வெட்டியெடுத்த கட்டியை அப்படியே அறுத்தால் பென்சில் குச்சி. பீரங்கிக் குண்டு வார்க்கும் அச்சுக்கும் அது வேண்டியிருந்ததால் விலை ஏறியது, திருட்டும் பெருகியது. சுரங்கத்துக்குக் காவல் போட்டார்கள். 1752இல் தனிச் சட்டமே வந்தது: திருடினால் கடுங்காவல், இல்லையென்றால் நாடுகடத்தல். பிறகு பிரிட்டனோடு நடந்த போரினால் பிரான்சுக்கு இந்தக் கரி கிடைக்காமல் போக, 1795இல் கோன்டே என்பவர் கிராஃபைட் தூளைக் களிமண்ணோடு குழைத்துச் சுட்டுக் குச்சி செய்தார். இன்று நம் கையில் இருப்பதெல்லாம் அந்த வழியில் வந்ததுதான். சீத்வெய்ட் சுரங்கம் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் நின்றுபோனது.

சரிவில் கொட்டிக் கிடக்கும் கல்குவியலைக் கீழே நின்று பார்த்தேன். மழை விடவேயில்லை. உங்கள் கையைப் பிடித்து இங்கே கூட்டி வந்திருக்க வேண்டும் என்று தோன்றியது. சுற்றிலும் ஹெர்ட்விக் ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. பிறக்கும்போது குட்டி கறுப்பாம், வளர வளர நரைத்துவிடுமாம்.

கெஸ்விக் பென்சில் மியூசியத்தில் வாங்கிய பென்சில் ஒன்றை இதோடு வைத்திருக்கிறேன். அதில் இருப்பது அந்த மலைக் கரி இல்லை, ஆனாலும் அந்த ஊர்ப் பக்கத்துப் பென்சில். பீரோவில் பூட்டி வைக்காமல் வேலைக்கு எடுங்கள். தேக்கில் எப்படி எழுதுகிறது என்று அடுத்த போனில் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகன்