எள்ளளவு உடம்பு, ஆள் எடை

அன்புள்ள முரளி,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. பெண்ணுக்குக் கோவையில் வேலை கிடைத்ததில் எங்கள் எல்லோருக்கும் சந்தோஷம். இங்கே அம்மாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. காலையில் பேப்பர் இப்போது அவள் படித்த பிறகுதான் என் கைக்கு வருகிறது.

நீ கொடுத்தனுப்பிய ராபர்ட் ஃபார்வர்டின் ‘டிராகன்ஸ் எக்’ நாவலை முடித்துவிட்டேன். 1980-இல் வந்த புத்தகம். எழுதியவர் ஈர்ப்பலைகளைத் தேடிய இயற்பியலாளர் என்பதைப் பக்கத்துக்குப் பக்கம் மறக்கவே விடுவதில்லை. விண்கலத்தில் இருக்கும் மனிதர்கள் வாயைத் திறந்தால் பாடம்தான். யார் பேசுகிறார் என்பதையே பெயரைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. உன்னைத் திட்டிக்கொண்டேதான் படித்தேன்.

கதை நடப்பது ஒரு நியூட்ரான் விண்மீனில்; பெரிய விண்மீன் வெடித்தபின் மிஞ்சும், மிக அடர்ந்த உருண்டை அது. அங்கே இறங்கியதும் எரிச்சல் போன இடம் தெரியவில்லை. விண்மீனின் குறுக்களவு சுமார் 20 கிலோமீட்டர்தான். வினாடிக்கு ஐந்து சுற்று. ஈர்ப்போ பூமியைப்போல் 6,700 கோடி மடங்கு! அங்கே வாழும் ‘சீலா’க்களுக்கு எள்ளளவு உடம்பு, அதற்குள் வளர்ந்த மனிதனின் நிறை, பன்னிரண்டு கண்கள். காந்தப்புலத்தின் போக்கிலே நகர்வது அவற்றுக்கு எளிது. குறுக்கே போவதென்றால் பெரும்பாடு.

இயற்பியல் வாத்தியாரே, சிரிக்காதே. புத்தகத்தை மடித்து வைத்துவிட்டு, பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் நாம் பள்ளியில் படித்த சூத்திரத்தைப் போட்டுப் பார்த்தேன். அங்கே ஒரு பொருள் ஒரே ஒரு மில்லிமீட்டர் விழுந்தால், தரையைத் தொடும்போது அதன் வேகம் வினாடிக்கு சுமார் 36 கிலோமீட்டர். அந்த உயிர்கள் ஏன் தரையோடு தரையாகத் தட்டையாகக் கிடக்கின்றன என்பது அதன்பிறகு உறைத்தது.

அவற்றின் உடம்பில் நடப்பது அணுக்கரு வினை. அதனால் நம்மைவிடப் பத்து லட்சம் மடங்கு வேகமான வாழ்க்கை. நமக்கு ஒரு வினாடி, அவற்றுக்குப் பதினொன்றரை நாள். நாம் அரைமணி நேரம் பேசினால், கேட்கத் தொடங்கிய இளைஞன் முடிவதற்குள் கிழவனாகிவிடுவான். இந்தத் துயரத்தை ஃபார்வர்ட் எங்கும் உருக்கமாக எழுதவில்லை. எழுதவும் அவருக்கு வராது. கணக்கே அந்த வேலையைச் செய்துவிடுகிறது. மனிதர்கள் அவற்றுக்குக் கலைக்களஞ்சியத்தை அனுப்பிக் கற்றுத்தருகிறார்கள்; சீக்கிரமே மாணவர்கள் ஆசிரியர்களைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். பதிலுக்கு அவை தரும் அறிவைப் பூட்டிவைத்தே தருகின்றன. நாமே தேடிக் கண்டுபிடிக்க வேண்டுமாம். முப்பது வருடம் வகுப்பெடுத்த உனக்கு இது சரி என்று படுகிறதா? எனக்குக் கொஞ்சம் கர்வமாகவே பட்டது.

நியூட்ரான் விண்மீனில் உயிர் இருக்கலாம் என்ற யோசனை வானியலாளர் ஃபிராங்க் டிரேக்குடையது. அதற்கும் முன்னால், 1930-இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறிய நம் இயற்பியலாளர் சந்திரசேகர், எரிபொருள் தீர்ந்து சுருங்கிய விண்மீன்களான வெள்ளைக் குள்ளன்களின் நிறைக்கு ஒரு வரம்பு உண்டு என்று கணக்குப் போட்டார். அதைத் தாண்டினால் என்ன ஆகும் என்பதற்கு அன்று யாரிடமும் தெளிவான விடை இல்லை. பின்னால் கிடைத்த விடைகளில் ஒன்றான நியூட்ரான் விண்மீனின்மேல்தான் ஃபார்வர்ட் ஊர் கட்டிக் குடிவைத்திருக்கிறார்.

பின்னிணைப்பையும் விடாமல் படித்தேன். இதன் தொடர்ச்சி ‘ஸ்டார்க்வேக்’ உன்னிடம் இருந்தால் பொங்கலுக்கு வரும்போது எடுத்து வா. அந்த மில்லிமீட்டர் கணக்கை உன் பதினொன்றாம் வகுப்புக்குக் கொடு. எத்தனை பேர் விடையை நம்ப மறுக்கிறார்கள் என்று எழுது.

அன்புடன்,
கணேசன்