எப்சிலான் ஆரிகேயை அளந்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்பிற்குரிய வானோக்கர்களுக்கும், கணக்கில் துணைநின்ற நண்பர்களுக்கும்,

வணக்கம்.

எப்சிலான் ஆரிகே விண்மீனின் பொலிவு அளவுகளை 2009ஆம் ஆண்டிலிருந்து ஒரே அட்டவணையில் திரட்டிச் சரிபார்க்கும் பணி சென்ற மாதம் ஒரு கட்டத்தை எட்டியது. 2009–2011 மறைப்பும் (இம்மீனின் முன்னே அதன் துணை வந்து ஒளியைக் குறைத்த காலம்) அதற்குப் பிந்தைய ஆண்டுகளும் இப்போது ஒரே அளவுகோலில், காலத்தோடு பொலிவு மாறுவதைக் காட்டும் ஒரே ஒளிவளைவாக நிற்கின்றன. அட்டவணையைத் தொகுத்தவன் நான் என்றாலும், அதிலுள்ள புள்ளிகளில் நான் எடுத்தவை மிகச் சிலவே. மற்றவை அனைத்தும் உங்கள் இரவுகள். அதற்காகவே இம்மடல்.

ஆல்கால் போன்ற ஒரு மறைப்பு இரட்டை விண்மீனை ஒருவர் தனியாகவே ஆராய்ந்துவிட முடியும். அதன் சுற்றுக்காலம் மூன்று நாளுக்கும் குறைவு. 1783இல் ஜான் குட்ரிக் வெறுங்கண்ணால் பார்த்தே அதன் ஒழுங்கைக் கண்டு சொன்னார். எப்சிலான் ஆரிகேயின் சுற்றுக்காலமோ சுமார் 27.1 ஆண்டுகள். மறைப்பு மட்டுமே ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் நீடிக்கிறது. ஒருவர் தம் வாழ்நாளில் இரண்டு மறைப்புகளைப் பார்க்கலாம், கொடுத்து வைத்திருந்தால் மூன்று. இதன் பொலிவு மாறுவதை யோகான் ஃபிரிட்ஷ் குறித்தது 1821இல். அந்த மறைப்பிலிருந்து எண்ணினால் 2009இல் தொடங்கியது எட்டாவது. ஆகவே என் முதல் நன்றி, இம்மடல் போய்ச் சேர முடியாதவர்களுக்கு உரியது: 1847இலும் 1874இலும் 1901இலும் தங்கள் கண்ணையும் குறிப்பேட்டையும் மட்டுமே நம்பி இம்மீனைப் பக்கத்து மீன்களோடு ஒப்பிட்டு எழுதிவைத்தவர்களுக்கும், அந்தக் குறிப்புகளைக் கொண்டு 1904இல் சுற்றுக்காலத்தை ஆராய்ந்த லூடென்டார்ஃபுக்கும்.

பழைய பதிவுகளின் மதிப்பை இன்னொரு விண்மீனும் காட்டியிருக்கிறது. டிஒய்சி 2505-672-1 என்ற எண்ணுடைய இரட்டை விண்மீனின் சுற்றுக்காலம் சுமார் 69 ஆண்டுகள் என்று 2016இல் அறிவிக்கப்பட்டபோது, அதன் முந்தைய மறைப்பு 1940களில் எடுக்கப்பட்ட ஹார்வர்டு கண்ணாடித் தட்டுகளில் பதிந்திருந்தது தெரியவந்தது. அத்தட்டுகளை எடுத்தவர்கள் இம்மீனைத் தேடி எடுக்கவில்லை. ஏறத்தாழ ஐந்து லட்சம் தட்டுகளை உடையாமல் காத்தவர்களும், பின்னர் அவற்றை மின்பதிவாக்கியவர்களும் இல்லையேல், அடுத்த மறைப்பு வரும்வரை அதன் சுற்றுக்காலம் வெறும் ஊகமாகவே இருந்திருக்கும்.

இனி, உங்களுக்கு. மறைப்பு நடந்தபோது அளவு அனுப்பியவர்களுக்கு எல்லோரும் நன்றி சொல்லிவிட்டார்கள்; நான் சிறப்பாக நன்றி சொல்ல விரும்புவது, மறைப்பு முடிந்து, பேச்சும் ஓய்ந்த பிறகும் ஆண்டுக்கணக்கில் அளந்துகொண்டே இருந்தவர்களுக்கு. மறைப்பில் இம்மீன் பொலிவெண் 3.0 அளவிலிருந்து 3.8 அளவுக்கு மங்குகிறது (பொலிவெண் கூடினால் ஒளி குறைவு என்று பொருள்). ஆனால் மறைப்பு இல்லாத காலத்திலும் இது சும்மா இருப்பதில்லை. ஒழுங்கற்ற முறையில், சில மாத இடைவெளிகளில், சுமார் 0.1 அளவுக்குத் தானாகவே ஏறி இறங்குகிறது. இந்தத் தன்னசைவைத் தெரிந்துகொள்ளாமல் மறைப்பின் தொடக்க நாளையோ, சரிவின் வடிவத்தையோ சரியாகச் சொல்ல முடியாது. ஒன்றுமே நடக்காததுபோல் தோன்றிய இரவுகளில் நீங்கள் அனுப்பிய ‘3.02’, ‘3.05’, ‘3.03’ என்ற எண்கள்தாம் இந்த ஒளிவளைவுக்கு அடித்தளம். அவற்றை அனுப்புவதில் பயன் உண்டா என்று பலர் கேட்டீர்கள்; உண்டு என்று அன்று சொன்னதை இன்று வரைபடமாகவே காட்ட முடிகிறது. பெரிய வான் அளவைத் திட்டங்கள் பலவற்றுக்கு இம்மீன் மிகுந்த ஒளியுடையது, அவற்றின் உணரிகள் நிரம்பிவிடும். டெஸ் விண்கலமோ வானத்தின் ஒரு பகுதியை ஒருமுறைக்குச் சுமார் 27 நாள்தான் தொடர்ந்து நோக்குகிறது. ஆகவே இங்கே சிறு கேமராக்களின் வேலையை அவை எடுத்துக்கொள்ளவில்லை.

ஒரு நண்பருக்கு மட்டும் தனியாகக் கடன்பட்டிருக்கிறேன். 2010ஆம் ஆண்டின் நடுவில், மறைப்பின் மையக் காலத்தில், இம்மீன் சூரியனுக்கு அருகிலிருந்து விலகி விடியலுக்கு முன் கிழக்கில் மிகத் தாழ்வாகத் தெரியத் தொடங்கியது. முந்தைய மறைப்புகளில் மையத்தில் ஒரு சிறு பிரகாசிப்பு இருந்ததாகச் சிலர் எழுதியிருந்ததால், நான் அதையே எதிர்பார்த்திருந்தேன். என் அளவுகளும் ஏறத்தாழ 0.1 கூடுதல் பொலிவைக் காட்டின. மகிழ்ச்சியோடு அவற்றை அனுப்பினேன். அந்த நண்பர் பாராட்டுக்கு முன் ஒரு கேள்வி கேட்டார்: “படம் எடுத்தபோது ஒப்பீட்டு மீன் எவ்வளவு உயரத்தில் இருந்தது?” நாங்கள் ஒப்பிடப் பயன்படுத்தியது லாம்டா ஆரிகே, பொலிவெண் 4.7, நிறத்தில் பெரிய வேறுபாடு இல்லாத, நம்பத்தக்க மீன். ஆனால் எப்சிலானிலிருந்து ஏறத்தாழ ஐந்து பாகை தள்ளி இருப்பது. என் படங்களில் அடிவானத்திலிருந்து எப்சிலான் 20 பாகை உயரத்திலும் லாம்டா 17 பாகை உயரத்திலும் இருந்தன. தலைக்கு நேர் மேலே ஒளி கடக்கும் காற்றை 1 என்று கொண்டால், 20 பாகையில் அது சுமார் 2.9, 17 பாகையில் சுமார் 3.4. காற்று ஒரு மடங்குக்கு 0.25 அளவு ஒளியை விழுங்கும் இரவில், இந்த வேறுபாடு மட்டுமே லாம்டாவை 0.12 அளவுக்குக் கூடுதலாக மங்கச் செய்துவிடும். ஒப்பீட்டு மீன் மங்கினால், நாம் அளக்கும் மீன் பிரகாசிப்பதாகத் தோன்றும். நான் கண்ட பிரகாசிப்பு என் தலைக்கு மேலிருந்த காற்றில் இருந்தது. அந்த வாரம் முழுவதும் அவர் என்னோடு அமர்ந்து ஒவ்வொரு படத்துக்கும் உயரத்தைக் கணக்கிட்டுத் திருத்தம் செய்தார். திருத்திய பின் அந்தப் புள்ளிகள் மற்றவர்களின் அளவுகளோடு சேர்ந்துகொண்டன. இன்று அட்டவணையில் ஒவ்வோர் அளவுக்கும் பக்கத்தில் இரு மீன்களின் உயரமும் இருக்கிறதென்றால், அது அந்த ஒரு கேள்வியால் வந்தது.

வெறுங்கண்ணால் மதிப்பிட்டவர்களுக்கும் நன்றி. ஒரு தனி மதிப்பீட்டில் 0.1, 0.2 பிழை இருக்கலாம், ஆனால் பலர் பல இரவுகளில் பார்த்தவற்றின் சராசரி, மின்னணு அளவுகள் இல்லாத இடைவெளிகளை நேர்மையாக நிரப்பியது. அருகிலேயே இருக்கும் சீட்டா ஆரிகேயை ஒப்பீட்டுக்குப் பயன்படுத்த வேண்டாம் என்று தொடக்கத்திலேயே எச்சரித்தவரும் இவர்களில் ஒருவர். அதுவும் 972 நாள் சுற்றுக்காலமுள்ள ஒரு மறைப்பு இரட்டை என்பது எங்களில் பலருக்கு அப்போது தெரியாது. படத்தில் மீனின் மையப் பிக்சல்கள் நிரம்பிவிடாமலிருக்க, குவியத்தைச் சற்றே கலைத்து எடுக்கும்படி டிஎஸ்எல்ஆர் கேமரா வைத்திருந்த ஒவ்வொருவருக்கும் பொறுமையாக விளக்கியவர்களையும் மறக்கவில்லை.

நிறமாலை எடுத்தவர்களும், 2009இன் இறுதியில் சாரா குறுக்கீட்டுமானி (பல தொலைநோக்கிகளின் ஒளியை ஒன்றிணைக்கும் கருவி) கொண்டு அம்மீனின் முகத்தைக் கடக்கும் கரிய தட்டையே படமாக்கிய ஆய்வாளர்களும் இல்லாமல், எங்கள் வரைபடத்தின் சரிவு எதனால் வந்தது என்று சொல்ல முடியாது. மறைப்பது ஒரு தூசுத் தட்டாக இருக்கலாம் என்று சு-ஷு ஹுவாங் 1965இலேயே எழுதியிருந்தார். அதைக் கண்முன் கண்ட தலைமுறையில் இருந்தது எங்கள் பேறு.

விடியற்காலை மூன்று மணி எழுப்பொலியைப் பல ஆண்டுகள் பொறுத்துக்கொண்ட என் வீட்டாருக்கும் உங்கள் வீட்டாருக்கும் நன்றி.

அடுத்த மறைப்பு 2036இல் தொடங்கும். அட்டவணையில் இன்னும் வெறுமையாக இருப்பவை ஒவ்வோர் ஆண்டும் மே, ஜூன் மாதங்கள். வடக்கே தொலைவில் இருப்பவர்களுக்கு அம்மாதங்களிலும் அடிவானத்தருகே சிறிது நேரம் மீன் கிடைக்கக்கூடும், முடிந்தால் உயரத்தையும் குறித்து அனுப்புங்கள். இதை எழுதிக்கொண்டிருந்த மாலையில் மூன்று அளவுகள் வந்தன: 3.04, 3.06, 3.04. உயரம் குறித்திருந்தது, சேர்த்துவிட்டேன்.

மிக்க நன்றியுடன்,
உங்கள் அளவுகளைத் தொகுப்பவன்